எல்லைக்குள் காலியாகும் நிலம்: கட்டிப்போ சிலந்தியின் வாழிடப் பரவல்

ஓர் உயிரினம் எங்கெல்லாம் வாழ்கிறது என்பதை வரைபடத்தில் காட்ட எளிய வழி ஒன்று உண்டு. அது கிடைத்த இடங்களில் வெளியோரத்தில் இருப்பவற்றைக் கோட்டால் இணைத்து, உட்பகுதிக்கு வண்ணம் தீட்டிவிடலாம். களக் கையேடுகளில் பல பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் இப்படித்தான் வரைபடம் போடுகிறார்கள். நியூசிலாந்தின் கட்டிப்போ சிலந்திக்கு இந்த முறையைப் பின்பற்றினால், வட தீவின் வட முனையிலிருந்து தென் தீவின் டனிடின் நகருக்குப் பக்கம் வரை, நாட்டின் பெரும்பகுதியும் அதன் வசம் இருப்பதாகத் தோன்றும். தெற்கு அட்சரேகை 34 பாகையில் தொடங்கி 45 பாகையைத் தாண்டும் நீண்ட பரப்பு அது.

ஆனால் வண்ணம் தீட்டிய அந்த இடத்தில் நூற்றில் ஒரு பங்கில்கூட இச்சிலந்தி கிடையாது. காட்டில் இல்லை, மேய்ச்சல் நிலத்தில் இல்லை, மலைச்சரிவில் இல்லை, வீட்டுக் கூரையடியிலும் இல்லை. அலை வந்து தொடும் கோட்டுக்குச் சற்று மேலே, மணல்மேடுகள் இருக்கும் ஒடுங்கிய விளிம்பில் மட்டுமே வாழ்கிறது. அதன் பரவலை விவரிக்கும் நூல்கள் இன்றும் அதே வடகோடியையும் தென்கோடியையும்தான் சொல்கின்றன. ஆகவே எல்லையை மட்டும் பார்ப்பவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. உள்ளே போய்ப் பார்த்தால்தான், செல்லரித்த புத்தகத்தைப் போல, அட்டை முழுதாக இருக்க நடுவில் பக்கங்கள் காணாமல் போயிருப்பது புரியும். ஓர் உயிரினத்தின் இயற்கைப் பரவல் என்று எதைச் சொல்கிறோம், அது குறைகிறது என்றால் எங்கே குறைகிறது என்ற கேள்விகளை யோசிக்க இந்தச் சிறிய சிலந்தி நல்ல உதாரணம்.

ஒட்டடைக் குடும்பத்தில் ஒருத்தி

வட்ட வட்டமாக ஒழுங்காக வலை பின்னும் சிலந்திகளைப் போலன்றி, சீரற்ற நூற்சிக்கலாக வலை கட்டுபவை தெரிடிடே என்னும் ஒட்டடைச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட இனங்கள் இக்குடும்பத்தில் உண்டு. நான்காம் இணைக் கால்களின் நுனியில் சீப்புப் பற்கள் போல வரிசையாக முள்மயிர்கள் இருப்பது இவற்றின் அடையாளம். பசை நூலை இரையின் மீது வாரி இறைக்க இந்தச் சீப்புதான் பயன்படுகிறது. கறுப்பு விதவை என்று ஊரறிந்த சிலந்திகளின் லாட்ரோடெக்டஸ் பேரினமும் இக்குடும்பத்தில்தான் வருகிறது. முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட இப்பேரினத்துக்கு நம் பக்கத்திலும் பிரதிநிதிகள் உண்டு. இலங்கையிலிருந்து 1991ஆம் ஆண்டில் அறிவியலுக்கு அறிமுகமான லாட்ரோடெக்டஸ் எரித்ரோமெலாஸ் இந்தியாவிலும் காணப்படும் ஒன்று.

கட்டிப்போவின் அறிவியல் பெயர் லாட்ரோடெக்டஸ் கட்டிப்போ. பெயரின் பின்பாதி மாவோரி மக்கள் வழங்கிய பெயரே. ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அவர்கள் இச்சிலந்தியையும் அதன் கடியையும் அறிந்திருந்தார்கள். 1850களில் இதைப் பற்றிய குறிப்பொன்று லண்டனின் லின்னேயன் சங்கத்தை எட்டியது. கிறைஸ்ட்சர்ச் நகர மருத்துவர் லெவெலின் பவல் எழுதி 1871இல் வெளியான விவரணையே இதற்கு முறையான அறிவியல் பெயரைத் தந்தது.

முதிர்ந்த பெண்ணின் உடல் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளம். வயிறு உருண்டு, பட்டுப்போன்ற கறுப்பாக இருக்கும். வயிற்றின் மேட்டிலிருந்து பின்முனையின் நூற்பு உறுப்புகள் வரை வெள்ளை ஓரம் கட்டிய சிவப்புப் பட்டை ஓடும். ஆண் இவள் அளவில் ஆறில் ஒரு பங்கு. ஆணும் இளம் சிலந்திகளும் வெளிறிய உடலில் செம்மஞ்சள் புள்ளிகளோடு இருப்பதால், பழக்கமில்லாத கண்ணுக்கு வேறு இனமாகவே தெரியும். மனிதரைக் கடித்துத் துன்பம் தரக்கூடியவள் பெண் மட்டுமே. கறுப்பு விதவைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான நரம்பு நஞ்சு இவளிடமும் உண்டு. கடித்தால் கடும் தசைவலியும் வியர்வையும் பிடிப்பும் வரும். ஆஸ்திரேலியாவில் ரெட்பேக் சிலந்திக்கென்று தயாரிக்கும் நச்சுமுறி மருந்து இதற்கும் கேட்கிறது. ஆனால் கடி மிக அரிது. தொந்தரவு செய்தால் இவள் முதலில் செய்வது கால்களைச் சுருக்கிக்கொண்டு கீழே விழுவது, அல்லது பதுங்கிடத்துக்குள் ஓடிவிடுவது.

மணலில் ஊன்றிய வலை

இச்சிலந்தி ஏன் மணல்மேட்டை விட்டு நகர்வதில்லை என்பதற்கான விடை அதன் வலையிலேயே இருக்கிறது. கரையோரச் செடியின் அடித்தண்டிலோ, கடல் ஒதுக்கிய மரக்கட்டையின் அடியிலோ, சில இடங்களில் யாரோ வீசிய தகர டப்பாவிலோ வலையின் மேல்பகுதி பொருந்தியிருக்கும். அங்கே தொட்டில் போலத் தொங்கும் அடர்ந்த நூற்சிக்கல், அதன் ஒரு பக்கம் சிலந்தி தங்கும் கூம்பு வடிவக் குடில். முக்கியமானது அடியில் இருக்கிறது. மேற்பகுதியிலிருந்து மணலை நோக்கி விறைப்பாக இறங்கும் நூல்கள் பல. ஒவ்வொன்றின் கீழ்நுனியிலும் பசைத் துளிகள். மணலோடு அந்நூல் வலுவாக ஒட்டியிருப்பதில்லை. வேண்டுமென்றே பலவீனமாக விட்டுவைத்த இணைப்பு அது.

கரையில் துள்ளித் திரியும் ஓட்டுடலி ஒன்று அல்லது மணல் வண்டு ஒன்று நடந்து வந்து இந்தக் கால்நூலில் இடிக்கிறது. பசை ஒட்டுகிறது. இரை திமிறுகிறது. அந்தத் திமிறலிலேயே நூல் தரையிலிருந்து பிடி விட, மேலே விறைத்திருந்த இழுவிசை இரையைச் சுண்டித் தூக்குகிறது. கால் தரையில் பாவாத இரையால் உந்தித் தப்ப முடியாது. அடுத்த கணம் சிலந்தி இறங்கிவந்து, பின்பக்கத்தை இரையை நோக்கித் திருப்பி, பின்னங்கால் சீப்பால் பசை நூலை வாரி வாரி வீசுகிறது. இரை அசைவற்றுக் கட்டுண்டதும் மூட்டுகளில் சிறுசிறு கடிகள். பிறகு இன்னும் கொஞ்சம் நூல். கடைசியாக ஒரு நீண்ட கடி. அதன்பின் மூட்டையைக் குடிலருகே தூக்கிக்கொண்டு போய்த் தின்னும். தன் எடையைவிடப் பன்மடங்கு கனமான வண்டையும் இப்படி வீழ்த்த முடிகிறது.

இந்தப் பொறி வேலை செய்ய இரண்டு விஷயங்கள் சேர்ந்து அமைய வேண்டும். மேலே நூல் கட்ட ஒரு பற்றுக்கோடு, கீழே பூச்சிகள் நடமாடும் வெற்று மணல். பற்றுக்கோடு மட்டும் இருந்து தரை முழுவதும் புல் மண்டிக் கிடந்தால் கால்நூல் இறக்க இடமில்லை, இரையும் அவ்வழி நடக்காது. மணல் மட்டும் இருந்து செடியோ கட்டையோ இல்லாவிட்டால் வலையைத் தொங்கவிட வழியில்லை. செடியும் வெற்றிடமும் மாறி மாறி வரும் நிலம்தான் இதற்கு வேண்டும். நியூசிலாந்தின் பூர்வீக மணல்மேடுகள் அப்படிப்பட்டவை. பீங்காவ் என்னும் பொன்னிறக் கோரையும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லும் அங்கே இடைவெளி விட்டு விட்டு வளர்கின்றன. மேடுகள் தாழ்வாகவும் சரிவு மென்மையாகவும் இருக்கும். புயலலை எட்டாத, கடலுக்கு முதுகு காட்டிய பக்கச் சரிவுகளைக் கட்டிப்போ அதிகம் விரும்புகிறது.

அங்குள்ள ஸ்பினிஃபெக்ஸுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. தமிழகக் கடலோரத்தில் இராவணன் மீசை என்று அழைக்கப்படும் புல்லும் அதே பேரினம்தான். பெண் செடியின் முள்ளடர்ந்த உருண்டை விதைக்கொத்து உடைந்து, காற்றோடு மணலில் உருண்டு போவதை நம் கரைகளிலும் காணலாம். படர்ந்தும் இடைவெளி விட்டும் மணலைப் பிடிக்கும் அதே குணம் இரண்டுக்கும் உண்டு.

முட்டை தீர்மானிக்கும் எல்லை

இனி வரைபடத்தின் இரு முனைகளைப் பார்க்கலாம். வட தீவின் மேற்குக் கரையில் வெலிங்டனிலிருந்து வட முனை வரை கட்டிப்போ பதிவாகியிருக்கிறது. கிழக்குக் கரையில் விட்டுவிட்டுக் காணப்படுகிறது. ஆக்லாந்துக்கு வடகிழக்கே உள்ள கிரேட் பேரியர் தீவில் கணிசமாக உண்டு. தென் தீவில் வடக்கே ஃபேர்வெல் மணல்திட்டு தொடங்கி, கிழக்குக் கரை வழியாக டனிடினுக்குச் சற்று வடக்கே உள்ள கரிட்டானே வரை செல்கிறது. மேற்குக் கரையில் கிரேமவுத் பக்கம் நின்றுவிடுகிறது. கரிட்டானேக்குத் தெற்கிலும் மணல்மேடுகள் இருக்கின்றன. ஆனாலும் சிலந்தி இல்லை.

தெற்கே போகப்போகக் குளிர் கூடும் நாடு அது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். முதிர்ந்த சிலந்தி குளிரைத் தாங்கிவிடும். தாங்காதது முட்டை. பெண் சிலந்தி ஆகஸ்ட், செப்டம்பரில் இணை சேர்ந்து, அங்கே கோடை பிறக்கும் நவம்பர், டிசம்பரில் முட்டையிடுகிறது. அடுத்தடுத்த சில வாரங்களில் ஐந்தாறு முட்டைப் பைகள் வரை கட்டி, ஒவ்வொன்றிலும் 70 முதல் 90 முட்டைகளை வைத்து வலைக்குள் தொங்கவிடுகிறது. பொரிய ஆறு வாரங்கள் ஆகும். ஜனவரி, பிப்ரவரியில் குஞ்சுகள் வெளிவரும். இந்த ஆறு வார காலத்தில் வெப்பநிலை 17 செல்சியஸுக்கு மேல் இருந்தாக வேண்டும். தென் தீவின் தென்கோடிக் கரைகளில் கோடையிலும் அந்த வெப்பம் தொடர்ந்து கிடைப்பதில்லை. ஆகவே தெற்கு எல்லையை வகுப்பது நிலமும் இல்லை, உணவும் இல்லை, ஓர் அடைகாப்பு வெப்பநிலை.

இதே கணக்கு வடக்கில் இன்னொரு கோட்டையும் போடுகிறது. வட தீவின் வடபாதிக் கரைகளில் வாழும் கட்டிப்போக்களுக்குச் சிவப்புப் பட்டை கிடையாது, உடல் முழுக்கக் கறுப்பு. 1890இல் அர்குஹார்ட் என்ற சிலந்தியியலாளர் இவற்றை லாட்ரோடெக்டஸ் அட்ரிட்டஸ் என்று தனி இனமாகப் பெயரிட்டார். இவற்றின் முட்டைகளுக்கு இன்னும் கூடுதலாக, 22 செல்சியஸ் அளவு வெப்பம் தேவைப்படுகிறது. அதனால் இவை வெதுவெதுப்பான வடக்கோடு நின்றுவிட, சிவப்புப் பட்டை கொண்டவை தென் தீவிலும் வட தீவின் தென்பாதியிலும் வாழ்கின்றன. நடுவில் வட தீவின் மத்தியக் கரைகளில் இரண்டும் கலந்து கிடைக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவை இரண்டு இனங்கள் என்றே பாடநூல்கள் சொல்லிவந்தன.

2005இலும் 2008இலும் வெளிவந்த மரபணு ஆய்வுகள் இந்தப் பிரிவினையைக் கலைத்தன. நிறம் வேறு, தேவைப்படும் வெப்பம் வேறு என்றாலும் மரபுக்கூறுகளில் இனம் பிரிக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை. 2008 ஆய்வுக்குப் பிறகு அட்ரிட்டஸ் என்ற பெயர் விலக்கப்பட்டு, கறுப்பும் சிவப்பும் ஒரே இனத்தின் இரு தோற்றங்களாகக் கொள்ளப்படுகின்றன. தாளில் இது ஒரு பெயர் மாற்றம். பாதுகாப்பு நோக்கில் இதன் விளைவு சிக்கலானது. இரு சிறு பரவல்கள் இணைந்து ஒரே பெரும் பரவல் ஆகிவிடுவதால், வரைபடத்தில் நிலைமை மேம்பட்டதுபோல் தோன்றுகிறது. கரையில் ஒரு சிலந்திகூடக் கூடவில்லை. அதோடு, வடக்குக் கறுப்புக் கூட்டம் அழிந்தால் தெற்குச் சிவப்புக் கூட்டம் அங்கே போய் அந்த இடத்தை நிரப்பும் என்று எண்ணுவதற்கும் இல்லை. ஒரே இனத்துக்குள் வெப்பத்தோடு ஒத்துப்போகும் தகவமைப்புகள் வேறுவேறாக இருக்கின்றன.

ஊர் சுற்றும் உறவும் ஊர் விடாத உறவும்

கட்டிப்போவின் நெருங்கிய உறவு ஆஸ்திரேலியாவின் ரெட்பேக். இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் ஒரு காலத்தில் கட்டிப்போவை ரெட்பேக்கின் கிளையினமாகவே கருதியவர்கள் உண்டு. மரபணு ஆய்வுகளும் டாஸ்மன் கடலைத் தாண்டி வந்த மூதாதையிடமிருந்து, புவியியல் கணக்கில் அண்மைக் காலத்தில்தான் கட்டிப்போ பிரிந்தது என்ற கருத்துக்கு வலு சேர்க்கின்றன. இப்பேரினத்தின் குஞ்சுகள் நூலிழையைக் காற்றில் விட்டு மிதந்து பரவக்கூடியவை. மிதக்கும் மரக்கட்டையும் சிலந்திக்குப் படகாகும். எவ்வழியாக வந்திருந்தாலும், வந்த இடத்தில் அது மணல்மேட்டுக்கே உரியதாக மாறிவிட்டது.

ரெட்பேக்கின் கதை நேர்மாறானது. அது மனிதரோடு ஒட்டி வாழ்கிறது. கொட்டகை, கழிவறை, பழைய இரும்பு, கப்பல் சரக்கு எதுவும் அதற்கு வீடாகும். 1980களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் உலர்ந்த மத்திய ஒடாகோ பகுதியில் அது நிலைகொண்டது தெரியவந்தது. 1995இல் ஜப்பானின் ஒசாகாவிலும் காணப்பட்டது. ஒரே குடும்ப மரத்தின் இரு கிளைகளில் ஒன்று சரக்குப் பெட்டிகளில் ஏறி நாடுகளைக் கடக்கிறது. மற்றொன்றால் தன் சொந்த நாட்டில் ஒரு மேய்ச்சல் நிலத்தைக் கடக்க முடிவதில்லை.

இரண்டும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறார்கள். ரெட்பேக் ஆணும் கட்டிப்போ பெண்ணும் சேர்ந்து, வளம் குன்றாத வாரிசுகளைத் தர முடிகிறது. எதிர்த்திசையில் இது நடப்பதில்லை. கட்டிப்போ ஆண் ரெட்பேக் ஆணைவிட எடை கூடியது. அது ரெட்பேக் பெண்ணின் வலையில் ஏறும்போது எழும் அதிர்வு இரை சிக்கிய அதிர்வாக அவளுக்குப் படுகிறது. துணை தேடி வந்தவன் உணவாகிறான். கட்டிப்போப் பெண்களோ வழக்கமாகத் தம் ஆணைத் தின்பதில்லை. விதவை என்று பெயரெடுத்த பேரினத்தில் இது குறிப்பிடத்தக்கது. இயற்கையிலும் இக்கலப்பு நடந்திருப்பதற்கான மரபணுத் தடயத்தை 2008 ஆய்வு முன்வைத்தது. எண்ணிக்கை குறைந்து தனித்தனித் துண்டுகளாகிவிட்ட ஓர் இனத்துக்கு, பெருகிவரும் உறவினத்தோடு கலப்பது என்பது தன் அடையாளம் மெல்லக் கரையும் வழியாகவும் ஆகலாம்.

மணலை நிறுத்திய புல்

இனி, எல்லைக்குள் நடந்த வெறுமையைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் குடியேறிய ஐரோப்பியர் கடலோர மணல்மேடுகளில் ஆடுமாடுகளை மேயவிட்டார்கள், தீயும் வைத்தார்கள். மணலைப் பிடித்து வைத்திருந்த பூர்வீகச் செடிகள் அழிய, மணல் காற்றில் கிளம்பி உள்நிலத்துப் பண்ணைகளையும் சாலைகளையும் மூடத் தொடங்கியது. மணலை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்ற நெருக்கடி அரசுக்கு வந்தது. தாவரவியலாளர் லியனார்ட் காக்கெய்ன் மணல்மேடுகளை ஆராய்ந்து 1911இல் விரிவான அறிக்கை அளித்தார். ஐரோப்பாவிலிருந்து வந்த மாரம் புல்லை நட்டு மணலைக் கட்டி, அதன்மேல் மரச் செடியான மஞ்சள் லூபின், பிறகு பைன் மரங்கள் என்று படிப்படியாக நிலத்தை மீட்கும் முறை பரவியது. ஆக்லாந்துக்கு மேற்கே உள்ள வுட்ஹில் காடு இப்படி மணல்மேல் எழுந்த பைன் தோப்புதான்.

மாரம் புல் தனக்கு இட்ட வேலையைச் செவ்வனே செய்தது. மணல் மூட மூட மேல்நோக்கி வளர்ந்து, செங்குத்தான உயர்ந்த மேடுகளை எழுப்பியது. இடைவெளியே விடாமல் அடர்ந்தது. பொறியாளர் கண்ணில் இது வெற்றி. கால்நூலை ஊன்ற வெற்று மணல் தேடும் சிலந்தியின் கண்ணில் இது சுவர். பூர்வீகச் செடிகள் போல இடம்விட்டு வளரத் தெரியாத புல்லால், மேடு இருந்தும் வாழிடம் இல்லாமல் போயிற்று. மீதமிருந்த கரைகளில் வீடுகளும் சாலைகளும் கோல்ஃப் மைதானங்களும் வந்தன.

இழப்பின் அளவைக் காட்ட ஒரு கணக்கு உண்டு. நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்காக 2000இல் வெளியான மணல்மேட்டுக் கணக்கெடுப்பின்படி, 1900களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,29,000 ஹெக்டேர் இருந்த இயங்கும் மணல்மேட்டு நிலம், நூற்றாண்டின் இறுதியில் 39,000 ஹெக்டேராகச் சுருங்கியது. ஏறக்குறைய எழுபது விழுக்காடு இழப்பு. எஞ்சியதிலும் பெரும்பகுதி மாரம் பிடியில் இருக்கிறது. கட்டிப்போவின் எண்ணிக்கை சில ஆயிரம் மட்டுமே இருக்கலாம் என்றும், வட தீவில் ஐம்பது இடங்கள் அளவிலும் தென் தீவில் எட்டு இடங்கள் அளவிலும் அவை சிதறிக் கிடக்கின்றன என்றும் ஒரு மதிப்பீடு சொல்கிறது. கிவிப் பறவையின் சில இனங்களைவிட இது அரிது.

மணல் அசையாமல் இருப்பதே நல்லது என்ற எண்ணம் நியூசிலாந்துக்கு மட்டும் உரியதல்ல. நம் கடலோரங்களில் மணல்மேடுகள் மீது சவுக்கு நட்டுத் தோப்பாக்கியதும் அதே எண்ணத்தின் வேலைதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அலைத்தடுப்பு என்ற பெயரில் அது இன்னும் பரவியது. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த திறந்த மணலில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குச் சவுக்கு நிழலும் வேரும் இடைஞ்சல் என்று ஆமை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வருகிறார்கள். நாடு வேறு, உயிர் வேறு. வெற்றுமணலைப் பயனற்ற இடமாகப் பார்க்கும் பார்வை ஒன்றே.

இடத்தைப் பிடித்த வெளியாள்

மாரம் போக, இன்னொரு விருந்தாளியும் கரைக்கு வந்தது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஸ்டியடோடா கேப்பென்சிஸ் என்னும் இன்னோர் ஒட்டடைச் சிலந்தி. கறுப்பு உடல், உருண்ட வயிறு என்று பார்வைக்கு ஒத்திருப்பதால் மக்கள் வழக்கில் இதைப் பொய்க் கட்டிப்போ என்கிறார்கள். வெலிங்டன் முதல் வாங்கனுய் வரையிலான மேற்குக் கரையில் கட்டிப்போ இருந்த இடங்களை இது எடுத்துக்கொண்டிருப்பதை 1990இல் வெளியான ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது.

இது கட்டிப்போவைச் சண்டையிட்டு விரட்டியதாகச் சொல்ல முடியாது. ஒரே மரக்கட்டையின் அடியில் இரண்டும் அருகருகே வாழ்வதையும் கண்டிருக்கிறார்கள். வேறுபாடு இனப்பெருக்க நாட்காட்டியில் இருக்கிறது. கட்டிப்போவுக்கு முட்டையிட வசந்தமும் கோடையும் மட்டுமே. வந்தேறிச் சிலந்தி ஆண்டு முழுவதும் பெருகும். புயலொன்று வந்து முன்வரிசை மணல்மேட்டைக் கழுவிக்கொண்டு போனால், காலியான இடத்தை முதலில் நிரப்புவது யார் என்பதே கேள்வி. அடுத்த நவம்பர்வரை காத்திருக்க வேண்டியவளுக்கு அந்தப் போட்டியில் வாய்ப்பு குறைவு. முன்பு நெடும் கரையெங்கும் தொடர்ச்சியாகக் கட்டிப்போ இருந்தபோது, ஓரிடத்தில் அழிந்தாலும் பக்கத்திலிருந்து வந்து குடியேற முடிந்தது. இப்போது பக்கத்து மேடு என்பதே பல மைல் தள்ளி இருக்கிறது. அந்த மேடுகளுக்கு இடையே மாரமும் பைனும் வீடுகளும் நிற்கின்றன. துண்டுபட்ட பரவலில் ஒவ்வொரு புயலும் நிரந்தர இழப்பாக மாறும் சாத்தியம் இப்படித்தான் உருவாகிறது.

மனிதர் செய்கையில் சிறியவையாகத் தெரிபவையும் சேர்ந்துகொள்கின்றன. மணலில் ஓட்டும் நாற்சக்கர மோட்டார் வண்டிகள் வலையையும் செடியையும் நசுக்குகின்றன. அடுப்பெரிக்கவும் அலங்காரத்துக்கும் கரையொதுங்கிய கட்டைகளைப் பொறுக்கிச் செல்பவர்கள், தெரியாமலே சிலந்தியின் கூரையைத் தூக்கிச் செல்கிறார்கள்.

எண்ணுவதும் மீட்பதும்

தரையோடு ஒட்டிப் பதுங்கி வாழும் ஒன்றை எண்ணுவது எளிதல்ல. செடியின் அடியைக் கிளறித் தேடினால் வலை சிதையும், மணலும் மிதிபடும். கேன்டர்பரியின் காய்டோரிட்டே மணல்திட்டில் ஆய்வாளர்கள் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். மணல்மேல் செயற்கை மூடுபலகைகளை வைத்துவிட்டு, பிறகு வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பது. கட்டை தேடும் கட்டிப்போ பலகைக்கும் வருகிறது. 2006இல் வெளியான இம்முறை, பின்னர் வட தீவின் மனாவத்து, வாங்கனுய் கரைகளிலும் பயன்பட்டது. கரைக்குக் கரை, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடக்கூடிய எண்ணிக்கை கிடைக்க இது வழி செய்தது. இதனால் இன்னொன்றும் தெரிந்தது. செடிப்பரப்பு சற்றே குறைபட்ட இடத்தில்கூட, பற்றுக்கோடு ஒன்றை வைத்தால் சிலந்தி அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

காய்டோரிட்டே தற்செயலாகத் தேர்ந்த இடம் அன்று. நாட்டில் எஞ்சியிருக்கும் பீங்காவ் பரப்புகளில் மிகப் பெரியது அங்கேதான் இருக்கிறது. பீங்காவ் இருக்கும் இடத்தில் கட்டிப்போவும் மிஞ்சியிருப்பது இந்த இரண்டின் விதியும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதைக் காட்டுகிறது. அந்தப் பொன்னிறக் கோரை மாவோரி நெசவுக் கலைக்கும் விலைமதிப்பற்றது. ஆகவே கடலோரங்களில் மாரத்தை அகற்றிப் பீங்காவும் ஸ்பினிஃபெக்ஸும் நடும் வேலையில் சூழலியல் நோக்கமும் பண்பாட்டு நோக்கமும் ஒரே திசையில் இழுக்கின்றன. சிலந்தியைக் காப்பாற்ற என்று மட்டும் சொன்னால் கைகொடுக்க முன்வராதவர்களும் கோரைக்காக வருகிறார்கள்.

சட்டமும் ஒரு படி வந்தது. நியூசிலாந்தின் 1953ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் முதுகெலும்பற்ற உயிர்கள் பொதுவாக ‘விலங்கு’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை மட்டுமே விலங்காகும். 2010இல் கட்டிப்போ அந்த அட்டவணையில் இடம் பெற்று முழுப் பாதுகாப்பு பெற்றது. கடிக்கும் சிலந்தி என்று கண்ட இடத்தில் நசுக்கப்பட்டு வந்த ஒன்றைக் கொல்வது அன்றிலிருந்து குற்றம்.

ஆனால் சட்டம் காப்பது சிலந்தியை. சிலந்தியைத் தாங்குவது அதன் வலைக்கு அடியில் இருக்கும் சாணளவு வெற்று மணல். இங்கேதான் பரவல் வரைபடம் நம்மைத் திசைதிருப்புகிறது. வட முனையிலும் கரிட்டானேயிலும் ஒவ்வொரு சிலந்தி எஞ்சியிருந்தால்கூட வரைபடத்தின் கோடு மாறாது. புவி வெப்பம் கூடி, தெற்கில் 17 செல்சியஸ் கோடு கீழே இறங்கினால், எல்லை விரிந்ததாகக்கூடக் காட்டலாம். அந்தப் புதிய கரைகளில் திறந்த மணல் இல்லை என்றால், விரிந்தது கோடு மட்டுமே.

ஆகவே ஒரு சிறிய உயிரின் இயற்கைப் பரவலைப் பற்றிப் பேசும்போது எது கடைசி ஊர் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. இரண்டு கடைசி ஊர்களுக்கு இடையே ஒரு தலைமுறை நடந்து கடக்கக்கூடிய தூரத்தில் அடுத்த வாழிடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முட்டை பொரிக்கும் வெப்பம், நூல் ஊன்றும் மணல், நூல் கட்டும் செடி மூன்றும் சேர்ந்த இடங்களின் தொகுப்பே கட்டிப்போவின் நாடு. அரிதான உயிர்களைப் பட்டியலிடும் எந்த நாடும் பரவல் எல்லையை அளப்பதோடு அந்த இடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளையும் சேர்த்து அளந்தால், இழப்பு கோட்டைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே கண்ணில் படும். மீட்க வழியுள்ள காலமும் அதுதான்.